திருட்டுக்கான கிளெய்ம் போலீஸ் ஸ்டேஷனில்தான் தொடங்குகிறது

வீட்டில் திருடு போனால் இன்சூரன்ஸ் பணம் வருமா வராதா என்பதை, கம்பெனிக்காரர்கள் ஃபைலைத் திறந்து பார்த்து முடிவு செய்கிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அத்தை வீட்டுத் திருட்டுக்கு நான் கூடவே அலைந்ததில் எனக்குப் புரிந்தது வேறு. முதல் நாள் ஸ்டேஷனில் நாம் எழுதிக் கொடுக்கும் புகாரில் என்ன இருக்கிறதோ, பெரும்பாலும் அதற்குத்தான் கடைசியில் பணம் வருகிறது. அதில் இல்லாத பொருளை அப்புறம் எவ்வளவு நியாயமாகச் சொன்னாலும், "இதை ஏன் அன்றைக்கே எழுதவில்லை?" என்று ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும். இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அத்தை சென்னைப் புறநகரில் தனி வீட்டில் இருக்கிறார். மாமா தவறிச் சில வருடங்கள் ஆகின்றன, மகன் வெளிநாட்டில். கும்பகோணத்தில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டுத் திரும்பியபோது கொல்லைப்பக்கக் கதவு நெம்பித் திறந்து கிடந்தது, உள்ளே பீரோ உடைந்திருந்தது, துணிமணி எல்லாம் தரையில். எனக்குப் போன் வந்ததும் நான் சொன்ன முதல் விஷயம், எதையும் தொடாதீர்கள், வாசலிலேயே உட்காருங்கள், 112க்குப் போன் போடுங்கள் என்பதுதான். அத்தைக்கு மனசு கேட்கவில்லை, சாமி அறை கலைந்து கிடப்பதையாவது ஒழுங்கு பண்ணிவிடுகிறேன் என்றார். பக்கத்து வீட்டம்மாதான் கையைப் பிடித்து உட்கார வைத்தார். கைரேகை எடுப்பவர்கள் வந்து போகும் வரை அப்படியே கிடந்தது வீடு. நான் போனதும் ஒவ்வொரு அறையையும் தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்திலிருந்து ஒன்று என்று போட்டோ எடுத்தேன், வீடியோவும் எடுத்தேன். அந்தப் படங்கள் பின்னால் எவ்வளவு உதவின என்பதைக் கீழே சொல்கிறேன்.

சரி, ஸ்டேஷன். அங்கே நடந்ததை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இது அத்தைக்கு மட்டும் நடப்பதில்லை. ரைட்டர், "எவ்வளவு போச்சும்மா?" என்று கேட்டார். அத்தை, "பதினோரு பவுன் இருக்கும்பா, வெள்ளிச் சாமான் வேற" என்றார். "பில் இருக்கா?" "நாலு பவுனுக்கு இருக்கு, மீதி கல்யாணத்துக்குப் போட்டது, அம்மா குடுத்தது." "அப்ப பில் இருக்கறதை மட்டும் எழுதுங்கம்மா, மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."

அப்புறம் பார்த்துக்கொள்ள முடியாது. இந்த ஒரு இடத்தில் விட்டுக்கொடுத்தால் ஏழு பவுன் காகிதத்தில் இல்லாமலே போய்விடும். அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் இல்லை, பெரிய தொகை என்றால் மேலிடத்தில் அவர்களுக்கு எவ்வளவு கேள்வி வரும் என்பது தெரிந்ததுதான். ஆனால் பாதிக்கப்பட்டவர் ஏன் அதற்குத் தன் நகையைக் குறைத்துச் சொல்ல வேண்டும்? நாங்கள் வெளியே மரத்தடியில் உட்கார்ந்து பொருள் வாரியாக ஒரு பட்டியல் போட்டோம். வளையல் எத்தனை, சங்கிலி எந்த மாடல், தோராய எடை, யார் கொடுத்தது, எந்த வருடம், பீரோவில் எந்தத் தட்டில் இருந்தது. புகாரின் கடைசியில் ஒரு வரியும் சேர்த்தோம்: "வீட்டை முழுமையாகச் சரிபார்த்த பிறகு வேறு பொருட்கள் காணாமல் போனது தெரியவந்தால் கூடுதலாகத் தெரிவிக்கிறேன்." இந்த வரி ரொம்ப முக்கியம். அதிர்ச்சியில் இருக்கும் ஒருவருக்கு முதல் நாளே எல்லாம் ஞாபகம் வராது. அத்தைக்குக் குத்துவிளக்கு போனது மறுநாள் விளக்கேற்றப் போனபோதுதான் தெரிந்தது, அதற்குத் துணைப் புகார் கொடுத்தோம், ஏற்றுக்கொண்டார்கள்.

புகார் கொடுத்ததும் கையில் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நம் ஊரில் நிறையப் பேர் அதையே எஃப்.ஐ.ஆர். என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். திருட்டுக் கிளெய்முக்கு இன்சூரன்ஸ் கம்பெனி எஃப்.ஐ.ஆர். கேட்கும். திருட்டு மாதிரி போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றத்துக்குப் புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் லலிதா குமாரி வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2024 ஜூலையிலிருந்து அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் (பி.என்.எஸ்.எஸ்., 173-ஆவது பிரிவு) அதுதான். வெளியூரில் இருப்பவர்கள் மின்னஞ்சல் மாதிரி வழிகளில் புகார் கொடுத்துவிட்டு 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போடலாம், எந்த ஸ்டேஷன் எல்லை என்று பார்க்காமல் புகாரை வாங்க வேண்டும், எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதுவும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். எங்களுக்கு அந்த அளவுக்குப் போகத் தேவைப்படவில்லை, "இன்சூரன்ஸுக்கு எஃப்.ஐ.ஆர். வேணும் சார், நாங்க காத்திருக்கோம்" என்று அமைதியாக உட்கார்ந்திருந்ததே போதுமானதாக இருந்தது.

எஃப்.ஐ.ஆர். கைக்கு வந்ததும் நான் முதலில் பார்த்தது பிரிவுகளைத்தான். ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.ஸில் 303 என்றால் சாதாரணத் திருட்டு. 305 என்றால் வீட்டுக்குள் நடந்த திருட்டு. 331 என்றால் அத்துமீறியோ உடைத்தோ வீட்டுக்குள் புகுந்தது. பழைய ஐ.பி.சி.யில் 379, 380, 457 என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். இந்த எண்கள் நமக்கு எதற்கு என்று தோன்றும். இங்கேதான் விஷயமே இருக்கிறது.

பெரும்பாலான வீட்டுத் திருட்டு பாலிசிகள் "திருட்டு" என்பதற்கு மட்டும் பணம் தருவதில்லை. பலவந்தமாக உள்ளே நுழைந்தோ, பலவந்தமாக வெளியேறியோ நடந்த திருட்டுக்குத்தான் தரும். ஒரு பொருள் வீட்டிலிருந்து காணாமல் போயிருக்கிறது, கதவில் கீறல்கூட இல்லை என்றால் அந்த வகைப் பாலிசியில் கிளெய்ம் நிற்காது. 2004-இல் ஹர்சந்த் ராய் சந்தன் லால் என்ற நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றமே, பாலிசியில் அப்படி எழுதியிருந்தால் அந்தச் சொற்களைத்தான் பார்க்க முடியும், பலப்பிரயோகம் இருந்தால்தான் பணம் என்று சொல்லிவிட்டது. எனக்கு இந்தத் தீர்ப்பு மனசுக்கு ஒப்பவில்லை. நகையைப் பறிகொடுத்தவருக்குக் கதவு உடைந்ததா இல்லையா என்பதில் என்ன வித்தியாசம்? ஆனால் சட்டம் இப்படி இருக்கும்போது அதைத் தெரிந்துகொண்டு நடப்பதுதான் வழி.

சாவியைச் செருப்பு ஸ்டாண்டிலோ பூந்தொட்டிக்கு அடியிலோ ஈ.பி. மீட்டர் பெட்டியிலோ வைத்துவிட்டுப் போகிற பழக்கம் நம் வீடுகளில் எவ்வளவு சாதாரணம்! அந்தச் சாவியை எடுத்துத் திறந்து கொண்டுபோனால் பூட்டு உடையவில்லை, கிளெய்மும் இல்லை. பீரோ சாவிக்கும் இதே கதைதான், சாவி போட்டுத் திறந்து எடுத்திருந்தால், அந்தச் சாவியை மிரட்டியோ அடித்தோ பறித்திருந்தால் ஒழியப் பணம் தர மாட்டோம் என்று பல பாலிசிகளில் தனி வரியே இருக்கிறது. வீட்டு வேலைக்கு வருபவர்களோ குடும்பத்தினரோ எடுத்ததாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் விலக்குதான். வீட்டைத் தொடர்ந்து இத்தனை நாள் பூட்டி வைத்திருந்தால் செல்லாது என்றும் ஒரு நிபந்தனை இருக்கும், எத்தனை நாள் என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும், நீண்ட பயணம் போகிறவர்கள் கம்பெனிக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவித்துவிட வேண்டும்.

ஆகவே புகாரில் "நகைகளைக் காணவில்லை" என்று எழுதாதீர்கள். எப்படி உள்ளே வந்தார்கள் என்பதை நடந்தபடி, கண்ணில் பட்டபடி எழுதுங்கள். எங்கள் புகாரில், கொல்லைப்பக்கக் கதவின் உள்தாழ்ப்பாள் நிலையோடு பிய்ந்து தொங்கியது, கதவின் ஓரத்தில் கடப்பாரை மாதிரி எதையோ வைத்து நெம்பிய தடம் இருந்தது, பீரோவின் கைப்பிடி உடைக்கப்பட்டு லாக்கர் கதவு வளைந்திருந்தது என்று எழுதினோம். எஃப்.ஐ.ஆரில் 331-உம் 305-உம் வந்தன. பொய்யாக ஒரு வார்த்தைகூடச் சேர்க்கத் தேவையில்லை, சேர்க்கவும் கூடாது, ஒரு பொய் தெரிந்தால் மொத்தக் கிளெய்மும் போய்விடும்.

இன்னொரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வீட்டுக் கடன் வாங்கும்போது பேங்கில் ஒரு பாலிசி போட்டுத் தருவார்கள், அதில் திருட்டும் சேர்ந்திருக்கும் என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் தருகிற பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியை எடுத்துப் படியுங்கள். தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம், யாராவது வேண்டுமென்றே செய்யும் சேதம் எல்லாம் உண்டு. திருட்டு? இந்த மாதிரி ஒரு பாதிப்பு நடந்து, அதனால் 7 நாளுக்குள் திருடு போனால் மட்டும்தான். வெள்ளத்தில் வீட்டை விட்டுப் போன சமயம் பார்த்து எவனாவது டிவியைத் தூக்கினால் கிடைக்கும், சாதாரண நாளில் பூட்டை உடைத்தால் கிடைக்காது. நகை மாதிரி விலையுயர்ந்த பொருளுக்கு அதிலேயே தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அத்தைக்கு நல்ல காலம், மாமா இருந்தபோதே ஹவுஸ்ஹோல்டர்ஸ் பாலிசி போட்டு, திருட்டுக்கு ஒரு பிரிவு, நகைக்கு ஒரு பிரிவு என்று வாங்கி வைத்திருந்தார், அத்தையும் விடாமல் புதுப்பித்து வந்திருக்கிறார்.

கம்பெனிக்கு அன்றைக்கே போனிலும் மின்னஞ்சலிலும் தெரிவித்தோம். எஃப்.ஐ.ஆர். வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருக்கக் கூடாது, ஆனால் யாராவது தாமதமாகச் சொல்லி அதனாலேயே மறுக்கப்பட்டிருந்தால் மனம் தளர வேண்டாம். உண்மையான கிளெய்மைத் தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக இயந்திரத்தனமாகத் தள்ளக் கூடாது என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2011-லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. 2020-இல் குர்ஷிந்தர் சிங் வழக்கில், வண்டித் திருட்டு விஷயத்தில், போலீஸில் உடனே புகார் கொடுத்திருந்தால் கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதை வைத்து மறுக்க முடியாது என்று மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு கொடுத்தது.

நஷ்டத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்தார். நடுத்தர வயது, பொறுமையான மனிதர். நேராகக் கொல்லைப்பக்கம் போனார். நாங்கள் கதவை ஏற்கெனவே சரி செய்திருந்தோம், தனியாக இருக்கும் ஒரு வயதான அம்மாவை உடைந்த கதவோடு விட முடியாது அல்லவா. பழைய தாழ்ப்பாளைத் துணிப்பையில் போட்டு வைத்திருந்தேன், எடுத்துக் கொடுத்தேன். திருகாணிகள் மூன்றும் அதிலேயே இருந்தன, நுனியில் நிலையின் மரத்தூளோடு. அவர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், போனில் இருந்த படத்தோடு ஒப்பிட்டார், நிலையில் புதுத் தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் தெரிந்த பழைய ஓட்டைகளில் விரலை வைத்துப் பார்த்தார். கழற்றி எடுத்த தாழ்ப்பாள் என்றால் ஓட்டை வட்டமாக இருக்கும், பிய்த்து எடுத்ததென்றால் மரம் சிராய் சிராயாகப் பெயர்ந்திருக்கும் என்று அவரே சொன்னார். உடைந்த பூட்டையும் தாழ்ப்பாளையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். போலீஸ் எடுத்துப் போனால் மகஜரில் (சம்பவ இடத்தில் அவர்கள் எழுதும் குறிப்பில்) எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கதவு, பீரோ, பூட்டு இவற்றின் சேதத்துக்கும் கேட்கலாம். நிறையப் பேர் நகையிலேயே கவனம் போய் இதை விட்டுவிடுகிறார்கள். திருடவே முடியாமல் உடைத்துவிட்டு மட்டும் போயிருந்தாலும் பல பாலிசிகளில் இந்தச் சேதத்துக்குப் பணம் உண்டு. ஆசாரியிடமும் கிரில் பட்டறையிலும் எழுத்தில் எஸ்டிமேட் வாங்கி, வேலை முடிந்ததும் பில்லும் வாங்கிக் கொடுத்தோம்.

அப்புறம் நகை. பில் இல்லாத ஏழு பவுனுக்கு என்ன செய்வது என்றுதான் எனக்குத் தூக்கம் வரவில்லை. கல்யாண ஆல்பத்தில் அத்தை கழுத்தில் அந்தக் காசுமாலை இருக்கிறது, ஆனால் படத்தில் எடை தெரியாது. அப்போதுதான் அத்தை, மகன் படிப்புக்காக பேங்கில் நகையை அடகு வைத்து மீட்டதைச் சொன்னார். பழைய காகிதக் கட்டில் தேடினால் அந்த நகைக்கடன் ரசீது கிடைத்தது. பேங்க் அப்ரைசர் ஒவ்வொரு நகையையும் தனித்தனியாக எழுதி, மொத்த எடை, கல் கழித்து நிகர எடை, தரம் எல்லாம் குறித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். "கல் வைத்த தோடு 1 ஜோடி, மொத்தம் 8.200, நிகரம் 7.100" என்று மங்கிய நீல மையில். நகைக்கடையின் துண்டுச் சீட்டு எஸ்டிமேட்டைவிட இது ஆயிரம் மடங்கு மேல், மூன்றாம் மனிதர் எடை போட்டுப் பார்த்த ஆவணம் இது. சர்வேயர் மறு பேச்சுப் பேசாமல் எடுத்துக்கொண்டார். உங்கள் வீட்டில் எப்போதாவது அடகு வைத்து மீட்டிருந்தால் அந்த ரசீதைக் கிழித்துப் போடாதீர்கள். அடகு வைக்காதவர்கள் அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரிடம் சான்று வாங்கிப் படத்தோடு வைத்துக்கொள்ளலாம். புதிதாக வாங்கும் நகையில் ஆறு எழுத்து ஹால்மார்க் எண் இருக்கும், அது பில்லிலும் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

இவ்வளவு இருந்தும் முழுப் பணம் வரவில்லை. காரணம் பாலிசித் தொகை. மாமா போட்டபோது இருந்த தங்க விலைக்கு எழுதிய தொகை வருடா வருடம் அப்படியே புதுப்பிக்கப்பட்டு வந்திருக்கிறது, தங்கமோ எங்கேயோ போய்விட்டது. பல பாலிசிகளில் இதற்கு ஒரு விதி உண்டு. வீட்டில் 10 லட்சம் மதிப்புள்ள நகை இருந்து, 5 லட்சத்துக்கு மட்டும் பாலிசி எடுத்திருந்தால், 2 லட்சம் நகை திருடு போனாலும் 1 லட்சம்தான் தருவார்கள். பாலிசித் தொகைக்குள் தானே நஷ்டம் இருக்கிறது, முழுசாக வரும் என்று நினைப்போம், வராது. செய்கூலி, சேதாரத்தையும் கழித்தார்கள். புதுப்பிக்கும் நோட்டீஸ் அனுப்பும்போது தங்க விலை ஏறியிருக்கிறது, தொகையை ஏற்றுகிறீர்களா என்று கம்பெனி ஒரு வரி கேட்டிருக்கலாம். பிரீமியம் கூடுதலாகக் கட்ட அத்தை தயாராகவே இருந்திருப்பார். வருத்தமாகத்தான் இருக்கிறது.

கம்பெனி இழுத்தடித்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2024-இல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட விதிகளின்படி கிளெய்ம் தெரிவித்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளுக்குள் அவருடைய அறிக்கையை வாங்க வேண்டும், அது வந்த 7 நாளுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். எங்கள் விஷயத்தில் "போலீஸ் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சான்று கொடுத்தால்தான்" என்று ஃபைலை நிறுத்தி வைத்தார்கள். அந்தச் சான்றுக்கு ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, அடிக்கடி போய்க் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் கம்பெனிக்கு மின்னஞ்சல்தான், வாய்மொழியாக எதையும் விடவில்லை. கொடுத்த காகிதங்களையே மறுபடி மறுபடி கேட்டபோது முன்பு அனுப்பிய மின்னஞ்சலையே திருப்பி அனுப்பினேன்.

மறுத்துவிட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பாலிசியின் எந்த நிபந்தனைப்படி மறுக்கிறார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும், ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் புகார் இணையதளமான பீமா பரோசாவிலும் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் பேசலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்வு சொல்லும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்கும் அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான விஷயங்களை எடுத்துக்கொள்வார்கள், ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அல்லது மாவட்ட நுகர்வோர் ஆணையம், அதற்கு இரண்டு வருட அவகாசம்.

பணம் தருவதற்கு முன்னால் ஒரு வவுச்சரில் "முழு மற்றும் இறுதித் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துக் கேட்பார்கள். தொகை குறைவு என்று நினைத்தால் ஆட்சேபத்துடன் பெறுவதாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், அதே நாளில் மின்னஞ்சலிலும் சொல்லுங்கள். கட்டாயப்படுத்தி வாங்கிய கையெழுத்து உரிமையைப் பறிக்காது என்று 1999-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது, ஆனால் கட்டாயப்படுத்தினார்கள் என்று நாம்தான் காட்ட வேண்டியிருக்கும். அத்தை செய்கூலிக் கழிவை மட்டும் ஆட்சேபித்துக் கையெழுத்துப் போட்டார், அதற்கான கடிதம் இப்போது குறைதீர்ப்பு அதிகாரியிடம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று, பணம் வந்த பிறகு பொருள் கிடைத்தால் என்ன ஆகும் என்று பலர் கேட்கிறார்கள். பணம் வாங்கும்போது ஒரு உரிமை மாற்றுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருப்போம், அதன்படி கம்பெனி பணம் கொடுத்த அளவுக்குப் பொருளில் அதற்குப் பாத்தியதை உண்டு. போலீஸ் மீட்ட பொருள் கோர்ட்டுக்குத்தான் போகும், அங்கே மனு போட்டு வாங்க வேண்டும், கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். அத்தை வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கும் இரண்டு வளையலும் ஒரு அடகுக்கடையில் அகப்பட்டிருக்கின்றன, அடையாளம் காட்ட ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். அன்றைக்கே கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டோம். வளையல் அம்மா கொடுத்தது என்பதால், வாங்கிய பணத்தில் அதற்கான பங்கைத் திருப்பிக் கட்டிவிட்டு வளையலை எடுத்துக்கொள்கிறேன் என்று அத்தை எழுதிக் கேட்டிருக்கிறார். கம்பெனி சம்மதித்திருக்கிறது, கோர்ட் மனு மட்டும் பாக்கி.